அப்பாவின் எஃப்.பி.சி ரிப்போர்ட்டும் நாங்கள் கணக்குப் பார்த்த விகிதமும்

அப்பாவுக்குச் சலத்தோடு இரத்தம் போனது. நோவு இல்லை, எரிவு இல்லை. எங்கள் களுவாஞ்சிகுடிப் பக்கம் இதைச் "சூடு" என்றுதான் சொல்வார்கள். இளநீர் குடித்தார், இரத்தம் நின்றது, கொஞ்ச நாளில் திரும்பவும் வந்தது. சலப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படி நோவில்லாமல்தான் தலைகாட்டும். இரத்தம் தானாக நின்றாலும் தயவுசெய்து காட்டிவிடுங்கள். அப்பா இளவயதிலிருந்தே பீடி குடித்தவர். இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைத்தல்தான் காரணம். புகையின் நஞ்சைச் சிறுநீரகம் வடித்து அனுப்ப, அது சலப்பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கிறது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஸ்கான், சலப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்கும் சோதனை எல்லாம் முடிந்து, சலம் போகும் வழியாலேயே கருவி விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டிய சதையைச் சோதிக்கும் பயொப்சியின் முடிவு வரும்வரை எங்கள் கையில் இருந்தது எஃப்.பி.சி, அதாவது இரத்த அணுக்களை எண்ணும் சோதனையின் ரிப்போர்ட் மட்டும்தான். வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்ற வகை 74 வீதம், லிம்போசைட் என்ற வகை 16 வீதம். தம்பி இணையத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி வாசித்துவிட்டு, முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பார்த்தான். 4.6. இந்த விகிதம் கூடினவர்களுக்கு நோய் திரும்பி வருவதும் ஆயுள் குறைவதும் அதிகம் என்று கட்டுரைகளில் இருந்தது. அன்றிரவு வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமே கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். புற்றுநோய் உடம்பில் அழற்சியைக் கிளப்பும். அப்போது பெருகும் நியூட்ரோபில்கள் சிலவேளை கட்டி வளரவே துணைபோகும். கட்டியை அடையாளம் கண்டு அழிப்பதில் முன்னிற்பவை லிம்போசைட்டுகள். அதனால்தான் விகிதம் ஏறினால் கவலைப்படுகிறார்கள். பிளேட்லெட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதும் உண்டு, அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பி என்ற இரத்தச் சோதனையைப் பார்ப்பதும் உண்டு. "ஆனா ஐயாவுக்கு இந்த இரத்தம் எடுத்தது எப்ப?" என்று கேட்டார். ஒப்பரேசன் முடிந்த கையோடு, சலம் போகக் கதீற்றர் குழாய் போட்டிருந்தபோது, சலத்தில் கிருமியும் இருந்த நேரம். அதில் ஏதாவது ஒன்றே நியூட்ரோபிலை ஏற்றப் போதும். ஸ்டெரொய்ட் மருந்தும் ஏற்றும். ஆய்வுகள் பெரும்பாலும் பழைய நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டிச் செய்தவை. எல்லைக்கோட்டை ஒன்று 2 என்கிறது, இன்னொன்று 3க்கு மேல் என்கிறது. நூற்றுக்கணக்கான பேரின் சராசரியை வைத்து ஒருவரின் காலத்தைச் சொல்ல முடியாது, அதை மட்டும் பார்த்து வைத்தியத்தை மாற்றுவதும் இல்லை என்றார். "நான் முதல்ல பாக்கிறது கட்டி சலப்பைத் தசைக்குள்ள போயிருக்கா எண்டுதான்."

பயொப்சி வந்தது. வீரியம் கூடிய வகை, ஆனால் தசைக்குள் இறங்கவில்லை. உறுதிப்படுத்த அதே இடத்தை இன்னொரு தரம் சுரண்டிப் பார்த்தார்கள். பிறகு பி.சி.ஜி.

பிறந்த குழந்தைக்குக் காசநோய்க்காகப் போடும் அதே பி.சி.ஜி.தான். 1976இல் கனடாவில் மொராலெஸ் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் இதைச் சலப்பைக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். கிழமைக்கு ஒன்றாக ஆறு கிழமை, குழாயால் சலப்பைக்குள் விட்டு, இரண்டு மணித்தியாலம் அடக்கி வைத்திருக்க வேண்டும். உயிருள்ள கிருமி என்பதால் பிறகு ஆறு மணித்தியாலத்துக்கு அப்பா இருந்துதான் சலம் போனார். ஒவ்வொரு முறையும் கொமட்டில் பிளீச் ஊற்றிப் பதினைந்து நிமிடம் விட்டோம். எரிவும் இலேசான காய்ச்சலும் வந்தன. "காய்ச்சல் வந்தா நல்லதா புள்ள?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. இரத்தத்தில் கண்டு நாங்கள் பயந்த அழற்சியை இங்கே வேண்டுமென்றே மூட்டி, எதிர்ப்பு அணுக்களைக் கட்டி இருந்த இடத்துக்கே வரவழைக்கிறார்கள். இலேசான காய்ச்சல் ஓரிரு நாளில் ஆறிவிடும். 38.5 பாகையைத் தாண்டினாலோ, இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அந்த நாட்களில் எடுத்த எஃப்.பி.சியிலும் விகிதம் ஏறித்தான் இருந்தது. அதற்குள் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் பின்பக்கமும் அன்றைய நிலைமையை எழுதும் பழக்கம் எனக்கு வந்திருந்தது: காய்ச்சல், கதீற்றர், மாத்திரை, பி.சி.ஜி போட்ட திகதி. நோய் வருமுன் வேறு காரணத்துக்கு எடுத்த பழைய ரிப்போர்ட் ஏதும் வீட்டில் கிடந்தால் அதையும் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். ஒப்பிட அதைவிடப் பெறுமதியானது கிடையாது.

கடைசியாக எடுத்தபோது நியூட்ரோபில் 60, லிம்போசைட் 28, விகிதம் ஏறக்குறைய 2.1. எங்களுக்குச் சந்தோசம்தான். டொக்டர் அதைப் பார்த்தார், தலையாட்டினார், ஆனால் கமரா சோதனையைத் தள்ளிப்போடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் மூன்று மாதம்தான்.