இரண்டரை மணிக்கு டின்னர்

எதிர்வீட்டு அம்மாவிடம் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் கறுப்பின அமெரிக்கர். அமெரிக்காவின் தெற்கில், அட்லாண்டாவை ஒட்டிய இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு கார்கள் நிற்கும். பொரித்த கோழியின் வாசம் தெருவைக் கடந்து எங்கள் வரவேற்பறை வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். எத்தனையோ முறை எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டிருக்கிறார். பதிலுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டாமா?

"இந்த ஞாயிறு நான் சமைக்கிறேன். உங்கள் சமையலே. டின்னருக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்" என்றேன்.

"எல்லாவற்றையுமா?"

"எல்லாவற்றையும்தான்."

"மாக்கரோனியையுமா, பேபி?"

அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. தபால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லாரும் அவருக்குப் பேபிதான். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இது பிடிபடவே இல்லை. "மாப்பிள்ளையைப் போய்ப் பச்சைப்பிள்ளை என்கிறாரே?" என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். நான் சமைத்ததைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

மாக்கரோனியைப் பற்றி அவர் தனியாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பாலாடைக்கட்டி போட்டு ஓவனில் சுட்டெடுக்கும் மாக்கரோனியைக் கறுப்பினக் குடும்பங்களில் யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. நம் வீட்டுக் கல்யாணத்தில் நகைப்பெட்டியை யாரிடம் கொடுத்துவைப்பது என்பதைப் போன்ற விஷயம் அது. கை பழகாதவர்கள் ஐஸ் கட்டியும் காகிதத் தட்டும் வாங்கிவந்தால் போதும் என்று நாசூக்காகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதார்த்தத்தை அமெரிக்கச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனின் அடிமையாக 1784இல் பாரிசுக்குப் போய், பிரெஞ்சுச் சமையல் கற்றுத் திரும்பியவர். இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்ட நான், துருவிய பாலாடைக்கட்டியைப் பாக்கெட்டில் வாங்கினேன்.

சனிக்கிழமை மாலை அந்த அம்மா ஒரு வார்ப்பிரும்புச் சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சோளரொட்டியை அதில்தான் சுட வேண்டுமாம். அவருடைய அம்மாவின் சட்டி. அலபாமாவிலிருந்து வந்தது. அடுப்புக்கரியைப் போலக் கறுத்து, உள்ளே கண்ணாடியாக மின்னியது. "சோப்பு படக் கூடாது" என்று இரண்டு முறை சொன்னார். நானும் இரண்டு முறை தலையாட்டினேன்.

இந்தச் சமையலுக்கு 'சோல் ஃபுட்' என்ற பெயர் பரவலானது 1960களில்தான். அவர் சிறுமியாக இருந்தபோது அதற்குப் பெயரே கிடையாதாம், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, அவ்வளவுதான். காராமணியும் வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. மக்காச்சோள மாவும் உப்புப் பன்றிக்கறியும் பண்ணை முதலாளி அளந்து போட்ட படி. இவற்றைக் கொண்டு அடிமைகளாக இருந்தவர்கள் உருவாக்கிய சமையல் இது. 1910 முதல் 1970 வரை தெற்கிலிருந்து வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குப் பெயர்ந்த சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவரோடு இதுவும் பயணம் போனது. அவருடைய பெரியம்மா சிகாகோவுக்கு ரயிலேறியபோது ஒரு காலணிப் பெட்டி நிறையப் பொரித்த கோழி கட்டிக்கொண்டு போனாராம். வழியில் கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு போடும் கடை இருக்குமா என்று தெரியாத காலம்.

அன்றிரவு ஒத்திகையாக ஒரு ரொட்டி சுட்டேன். நன்றாகவே வந்தது. அந்த மகிழ்ச்சியில் எல்லாப் பாத்திரங்களையும் கழுவும் இயந்திரத்தில் அடுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். ஆம், எல்லாப் பாத்திரங்களையும்.

காலையில் கதவைத் திறந்தால் சட்டி செம்மண் நிறத்தில் இருக்கிறது. அலபாமாவிலிருந்து இரண்டு தலைமுறையாக ஏறியிருந்த கறுப்பு, ஒரே இரவில் இறங்கிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமா, வேறு ஊருக்கு மாற்றல் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தை எட்டிப் பார்த்தார்.

"இருப்புச்சட்டிக்கா சோப்புப் போட்டீர்கள், மாப்பிள்ளை?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

சட்டி பிறகு பார்த்துக்கொள்ளப்படும் என்று கீரைக்குப் போனேன். கொலார்ட் கீரை நான்கு கட்டு. ஒவ்வோர் இலையும் விசிறி அளவு, நடுத்தண்டு பென்சில் கனம். தொட்டியில் அடங்கவில்லை. குளியல் தொட்டியை நிரப்பி அதில் போட்டேன். ஒருமுறை அலசினால் போதும் என்றுதான் நினைத்தேன். அத்தை ஓர் இலையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "மெரினா" என்றார். மூன்று தண்ணீர் மாற்றியும் அடியில் மணல் தங்கிக்கொண்டே இருந்தது. பரவாயில்லை, டின்னர் இரவு ஏழு மணிக்குத்தானே?

சரியாக இரண்டரை மணிக்கு அழைப்புமணி அடித்தது.

வாசலில் எதிர்வீட்டு அம்மா. ஊதா நிற உடை, அதே நிறத்தில் இறகு வைத்த அகலமான தொப்பி. நேராகத் தேவாலயத்திலிருந்து வருகிறார். தெற்கில் ஞாயிற்றுக்கிழமை டின்னர் என்றால் தேவாலயம் முடிந்து வந்து சாப்பிடும் மதியச் சாப்பாடு. ஆறு ஆண்டுகளாக அவர் வீட்டில் மூன்று மணிக்குச் சாப்பிட்ட எனக்கு இது உறைக்கவே இல்லை. நாங்கள் தாமதமாக எழுந்து மதியச் சாப்பாடு சாப்பிடும் குடும்பம், அவர்களும் அப்படித்தான் என்று எண்ணியிருந்தேன்.

கீரை குளியலறையில் இருந்தது. கோழி மோரில் ஊறிக்கொண்டிருந்தது. அவரை வரவேற்பறையிலேயே நிறுத்திவைக்க என்னாலான எல்லாம் செய்தேன். வானிலையைப் பற்றிக்கூடப் பேசினேன். அவர் மூக்கை உயர்த்தி, "என்ன எண்ணெய் அது?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டார்.

நல்லெண்ணெய். அத்தை அந்தச் சட்டியைக் கல்லுப்புப் போட்டுத் தேய்த்து, துரு போகக் கழுவி, அடுப்பில் ஈரம் சுண்டக் காயவைத்திருந்தார். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுத் தொட்டுச் சட்டி முழுவதும் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெங்காயம் படும் இடமெல்லாம் சுர்ரென்று புகைந்து, செம்மண் நிறம் காப்பி நிறமாகி, காப்பி நிறம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏழாவது முறையோ எட்டாவது முறையோ தெரியவில்லை.

எதிர்வீட்டு அம்மா சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய சமையல் மேலங்கியைக் கட்டிக்கொண்டார். அத்தையிடமிருந்து வெங்காயத்தை வாங்கி இரண்டு சுற்றுத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதோடு எனக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

இருவருக்கும் பொதுமொழி கிடையாது. நடுவில் என் மகள் மொழிபெயர்த்தாள். பாதி நேரம் அதுவும் தேவைப்படவில்லை. புகையூட்டிய வான்கோழிக் காலோடு கீரை இரண்டு மணி நேரம் வெந்தது. "இவ்வளவு நேரமா?" என்று அத்தை முகம் சுளித்தார். ஆனால் அந்தச் சாற்றைக் கொட்டாமல் ரொட்டியில் தொட்டுச் சாப்பிட வேண்டும் என்றதும் சமாதானமாகி, ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தார். மிளகு போதாதாம்.

ஐந்து மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். கோழி, கீரை, காராமணி, சோளரொட்டி எல்லாம் பிரமாதம். எதிலும் என் கை படவில்லை. மாக்கரோனி மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது. எதிர்வீட்டு அம்மா ஒரு கரண்டி வாயில் போட்டு வெகு நேரம் மென்றார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, "ஆண்டவர் உன் நெஞ்சை ஆசீர்வதிக்கட்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரவு மகள்தான் விளக்கினாள்: "அப்பா, இங்கே அப்படிச் சொன்னால் 'ஐயோ பாவம்' என்று அர்த்தம்."

புறப்படும்போது எதிர்வீட்டு அம்மா, ஜூலையில் தன் குடும்பத்தார் அறுபது பேர் கூடுவதாகவும் நாங்களும் வர வேண்டும் என்றும் சொன்னார். அத்தை கீரைக்குப் பொறுப்பு. ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லி அத்தை அப்போதே கேட்டுவிட்டார்.

"நான் என்ன கொண்டுவரட்டும்?" என்றேன்.

"ஐஸ் கட்டி, பேபி. பத்துப் பவுண்டுப் பை இரண்டு."

"காகிதத் தட்டு?"

அவர் சற்று யோசித்தார். "அதை உன் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்" என்றார்.