மோட்டார் ஹோமை ரெக்கர் தூக்கும் முன்

அமெரிக்க நெடுஞ்சாலையில் 40 அடி டீசல் மோட்டார் ஹோம் (வீடுபோல் வசதியுள்ள வண்டி) நின்றுபோனால், கார் இழுக்கும் வண்டி வந்து பயனில்லை. பெரிய வண்டிகளைத் தூக்கி இழுக்கும் கனரக ரெக்கர்தான் வேண்டும். உதவிக்கு அழைக்கும்போதே எடை, நீளம், உயரம், மைல் கல் எண், ஏர் பிரேக் (காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக்) உண்டா என்பதைச் சொல்லிவிடுங்கள்.

காற்றழுத்தம் இறங்கினால் பின்சக்கர ஸ்பிரிங் பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதை விடுவிக்க, ரெக்கரிலிருந்து காற்றுக் குழாய் இணைக்க வேண்டும். முடியாவிட்டால், முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, கேஜிங் போல்ட்டால் (ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்) ஸ்பிரிங்கைச் சுருக்க வேண்டும்.

கியர்பாக்ஸைப் பின்சக்கரங்களோடு இணைக்கும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றாமல், முன்பக்கத்தைத் தூக்கி இழுக்க விடவே விடாதீர்கள். என்ஜின் ஓடாதபோது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் சுழலாது. பின்சக்கரம் உருள உருள, உள்ளே எண்ணெயில்லாமல் தேய்ந்து கருகிவிடும். கால் மணி நேரம் மிச்சம் என்று இதைத் தவிர்ப்பது கொடுமை. கழற்றிய போல்ட்டுகளைப் பையில் போட்டு நீங்களே வைத்திருங்கள்.

தட்டை லாரியில் ஏற்றலாமே என்பார்கள். 12 அடிக்கு மேல் உயரமான வண்டி அதன்மேல் நின்றால், பல மாநிலங்களின் 13 அடி 6 அங்குல உயர வரம்பைத் தாண்டிவிடும்.

பின்னால் கார் கட்டிக்கொண்டு ஓட்டுபவர்களுக்கு: கலிஃபோர்னியாவில் உங்கள் வரம்பு மணிக்கு 55 மைல். பலகையில் 65 என்றிருந்தாலும் அது உங்களுக்கல்ல.