இரண்டாம் காட்சி இன்னும் முடியவில்லை

நவம்பர் 14, வெள்ளி

மழை. ஒத்திகை ரத்து. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

போஸ்ட் ஆபீஸ் சார் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். எங்கள் நாடகத்தில் அவர் போட்ட நாட்டாமை வேடம் இப்போது ஐ.டி. தம்பிக்கு. கெட்டிக்காரப் பையன். பழைய வீடியோவைப் பார்த்தே எல்லாவற்றையும் பிடித்துவிட்டான், இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற அந்த நடை உட்பட. எல்லாரும் கைதட்டினார்கள்.

"அது அடவு இல்ல தம்பி, சாரோட மூட்டு வலி" என்றேன். சிரித்தான். நான் ஜோக்குக்குச் சொல்லவில்லை. சாரால் முட்டியை மடக்க முடியாது என்று தெரிந்த அன்றைக்கு, எங்களுக்கு ஆட்டமும் அசைவும் அமைத்துக் கொடுத்த மாஸ்டர் அவரைக் கூடத்தில் சும்மா நடக்கவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டபடி பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பறை வாசிக்கிற அண்ணனைக் கூப்பிட்டு, கால் இழுபடுகிற இடத்தில் அடியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார். அவ்வளவுதான். வலி நாட்டாமையின் திமிராகிவிட்டது. அதையே இந்த வயசுப் பையன் செய்தால் வெறும் நொண்டல். இவன் நடையில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க இப்போது ஆள் ஏது?

நவம்பர் 17, திங்கள்

மாஸ்டர் இல்லாத இப்போது, இரண்டாம் காட்சியின் முடிவு நிஜமாகவே யாருக்கும் தெரியாதா?

நவம்பர் 20, வியாழன்

பெரம்பூர் போய் மாஸ்டர் வீட்டு அக்காவைப் பார்த்தேன். காபி கொடுத்துவிட்டு ஒரு கிளிப் போட்ட கட்டை எடுத்து வந்து வைத்தார். எல்லாம் தினசரி காலண்டர் தாள். ஒரு பக்கம் ராகு காலம், குளிகை. மறுபக்கம் மாஸ்டரின் வட்டங்களும் அம்புக்குறிகளும். வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்து. என் வட்டம் எப்போதும் ஓரத்தில்தான்.

இரண்டாம் காட்சித் தாள் இருக்கிறது! கிறிக்கி வரைக்கும், அதாவது கூத்தில் சுழன்று ஆடுகிற இடம் வரைக்கும், அம்பு போகிறது. அதற்குப் பிறகு ஒரே வார்த்தை: "மூச்சு". அதன் கீழே "பால் பாக்கெட் 2".

நவம்பர் 21, வெள்ளி

டைரக்டர் சார் அந்தத் தாளைப் படம் பிடித்துக்கொண்டார். எல்லாரும் அசையாமல் நின்று மூச்சு விடுவதுதான் முடிவாம். ரொம்ப அழகு. எனக்கு நம்பிக்கை இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

நோட்டீஸில் மாஸ்டரைப் பற்றி "பரதம் பயின்ற" என்று போட்டிருக்கிறார்கள். யாரைக் கேட்டுப் போட்டார்கள்? துறைமுகத்தில் கணக்கு எழுதின மனுஷன். கூத்துப்பட்டறை நாடகக் குழுவுக்குப் புரிசை கண்ணப்பத் தம்பிரான் வந்து கூத்து சொல்லிக்கொடுத்த காலத்தில் ஓரமாக நின்று பார்த்தவர். பெசன்ட் நகரில் நடனக் கலைஞர் சந்திரலேகாவின் 'ஸ்பேசஸ்' அரங்குக்கும் போவார். பரதத்தையும் களரியையும் யோகாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று அங்கேதான் பார்த்தாராம். மெதுவாகச் செய்வதற்குத்தான் தெம்பு வேண்டும் என்பார். 2006 டிசம்பரில் அந்த அம்மா போனபோது ஒரு வாரம் ஒத்திகையில் வாயே திறக்கவில்லை.

பயின்றவராம். நோட்டீஸ் அடித்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாதாம்.

நவம்பர் 25, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. ஆளுக்கு ஒரு மாஸ்டர் வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 29, சனி

எழும்பூர் மியூசியம் தியேட்டரில் மேடை பார்த்துவிட்டு வந்தோம். 1896இல் கட்டினது. மேடையைச் சுற்றி அரைவட்டமாகப் படிவரிசை ஏறுகிறது. நேர் முன்னால் பார்த்து ஆடினால் பக்கத்தில் இருப்பவருக்குக் காதுதான் தெரியும். தோளைத் திருப்பு, தோளைத் திருப்பு என்று மாஸ்டர் எங்கள் உயிரை எடுத்தது இதற்குத்தான்.

அங்கே நிற்கும்போதுதான் பிடிபட்டது. "மூச்சு" முடிவே இல்லை. கிறிக்கி அடித்து முடித்த கையோடு வசனம் பேச ஆளுக்கு மூச்சு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு எழுதிவைத்தது. எப்போதும் அப்படித்தானே! சுற்றவிட்டு, "இப்ப பேசு" என்பார். பேச முடியாவிட்டால் ஒரு சுற்றைக் குறைப்பார். வசனத்தில் கை வைக்கவே மாட்டார்.

டைரக்டர் சாரிடம் சொன்னேன். "நீ அதிகமா யோசிக்கிறம்மா" என்றார்.

டிசம்பர் 1, திங்கள்

மழை. தையல்காரர் போனை எடுக்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

தம்பி தானாகவே போன் செய்தான். "அக்கா, நான் சுத்திட்டுப் பேசிப் பாக்கட்டுமா?" காலை இழுக்காமல் நடந்து பார்க்கலாமா என்றும் கேட்டான். பறை அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன். நாளைக்குத் தீபம், ஒருத்தரும் வரமாட்டார்கள். நாங்கள் மூன்று பேர் போதும். கூடத்துச் சாவி டைரக்டர் சார் வீட்டில் இருக்கிறது. கேட்டால் எதற்கு என்பார்