பன்னிரண்டு சீட்டு, மூன்று டார்ச்

டார்ச் லைட்டுக்கு ஓட்டு என்று சொன்னால் நம்ம ஊரில் எல்லாருக்கும் 2019-இல் மக்கள் நீதி மய்யத்துக்குக் கொடுத்த சின்னம்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது அது இல்லை. நிஜமாகவே டார்ச்சுக்குப் போடும் ஓட்டு. எங்களில் பன்னிரண்டு பேருக்கு இந்தப் பைத்தியம் உண்டு. வீட்டில் ஏற்கெனவே எட்டு டார்ச் இருக்கும்போது ஒன்பதாவதை வாங்கிவிட்டு, ‘இது வேற எல்இடி’ என்று விளக்கம் சொல்கிற கூட்டம். வருடக் கடைசியில் ஈரோட்டில் ஒருத்தர் வீட்டு மொட்டை மாடியில் கூடி, அந்த வருடத்தின் நல்ல டார்ச் எது என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்வது வழக்கம். போன வருடம் அது சண்டையில் முடிந்தது. இந்த வருடம் நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது, அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருடம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசிச் சுற்றில் நான்கு லைட். ஒன்று, சோடா டின் அளவுக்குத் தடியாக, கையில் பிடித்தாலே மணிக்கட்டு இறங்குகிற ராட்சசன். அதை நாங்கள் டப்பா என்போம். இரண்டாவது, 18650 என்கிற லித்தியம் செல் போட்ட பாக்கெட் லைட், கொஞ்சம் மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம், அது குட்டி. மூன்றாவது, கிட்டத்தட்ட அதே லைட், ஆனால் பென்சில் பேட்டரி அளவுள்ள 14500 செல்லில், சுண்டுவிரல் நீளத்துக்கு. அது தம்பி. நான்காவது தலையில் மாட்டுகிற லைட்.

ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, நான்கையும் பிடித்த வரிசைப்படி எழுத வேண்டும். பிரித்துப் பார்த்தால் முதலிடம் டப்பாவுக்கு 5, குட்டிக்கு 4, தம்பிக்கு 2, தலை லைட்டுக்கு 1. டப்பா ஜெயித்தது என்று கைதட்டப் போகும்போது ஒருத்தர் எழுந்து, ‘இருங்க, நான் டப்பாவைக் கடைசியில போட்டிருக்கேன், வேற யாரெல்லாம் அப்படிப் போட்டீங்க?’ என்று கேட்டார். ஏழு கை மேலே போனது. பன்னிரண்டில் ஏழு பேர் நாலாவது இடத்தில் வைத்த லைட்தான் அந்த வருடத்தின் சிறந்த லைட்! குட்டியும் தம்பியும் ஒரே ஜாதி, ஓட்டை அவை பங்கு போட்டுக்கொண்டதில் நடுவில் டப்பா நுழைந்துவிட்டது. நம்ம தொகுதிகளில் பார்க்காததா.

சரி, குடியரசுத் தலைவர் தேர்தல் மாதிரி எண்ணுவோம் என்றார் எங்களில் படித்த ஒருத்தர். 1969-இல் வி.வி. கிரி அப்படித்தானே வந்தார், முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாமல், பின்னால் இருந்தவர்களின் இரண்டாம் விருப்ப ஓட்டுகளைப் பிரித்துக் கொடுத்த பிறகு. இலங்கையிலும் 2024 செப்டம்பரில் முதன்முறையாக விருப்ப வாக்குகளை எண்ண வேண்டி வந்தது. எங்கள் கணக்கில் முதலில் வெளியே போனது ஒரே ஓட்டு வாங்கிய தலை லைட். அந்த ஓட்டு இரண்டாவதாக எழுதியிருந்த குட்டிக்குப் போனது. 5, 5, 2. அடுத்து தம்பி வெளியே. அந்த இரண்டு சீட்டிலும் இரண்டாவதாக இருந்தது தலை லைட், அதுதான் ஏற்கெனவே அவுட், அதனால் மூன்றாவதாக இருந்த குட்டிக்கு இரண்டும். குட்டி 7, டப்பா 5. குட்டி ஜெயித்தது.

அந்த ஒரே ஓட்டு என் சித்தப்பாவுடையது. கோபிப் பக்கம் தோட்டம், மஞ்சளும் கரும்பும். எங்கள் கூட்டத்தில் சேராத ஆள்தான், ஆனால் பன்னிரண்டாவது ஆள் அன்றைக்கு வரவில்லை, சித்தப்பா ஈரோட்டுக்கு வந்திருந்தார், கூட்டிக்கொண்டு போனேன். ‘என்ற ஓட்ட எடுத்து இன்னொருத்தனுக்கு எதுக்குடா போட்டீங்க?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பஜ்ஜி எடுக்கப் போய்விட்டார்.

அந்தச் சீட்டுகளை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து, வேறு எதையோ தேடும்போது கிடைத்தது, சும்மா இருக்காமல் இன்னொரு விதமாக எண்ணிப் பார்த்தேன். இரண்டு இரண்டு லைட்டாக எடுத்து, இந்த ஜோடியில் எதை எத்தனை பேர் மேலே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும். தலை லைட்டும் டப்பாவும் மோதினால் 7-5, தலை லைட். தலை லைட்டும் குட்டியும், 8-4. தலை லைட்டும் தம்பியும், 10-2. எல்லாரையும் நேருக்கு நேர் தோற்கடித்தது சித்தப்பாவின் லைட்! மீதி பதினொரு பேரும் அதை இரண்டாவது இடத்தில் வைத்திருந்தார்கள், யாருக்கும் அது முதல் காதல் இல்லை, அவ்வளவுதான். இடத்துக்கு 3, 2, 1, 0 என்று மார்க் போட்டுக் கூட்டினாலும் அதுதான் முதலில் வருகிறது: 25, அடுத்து குட்டி 21, டப்பா 15, தம்பி 11.

அதே பன்னிரண்டு சீட்டு. எண்ணுகிற விதத்தை மாற்றினால் மூன்று வெவ்வேறு லைட் ஜெயிக்கிறது. இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரான்சில் போர்டா என்பவர் மார்க் போடும் முறையையும், கொண்டோர்சே என்பவர் 1785-இல் நேருக்கு நேர் முறையையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் பஜ்ஜி தின்றுகொண்டே அதை மறுபடி கண்டுபிடித்தோம்.

இந்த வருடம் நேருக்கு நேர் முறைதான் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். காரணம் கணக்கு மட்டும் இல்லை, டார்ச் என்கிற சாமானே அப்படி. ஒரு லைட்டைத் தனியாக அடித்துப் பார்த்தால் உங்கள் கண் உங்களை ஏமாற்றும். மஞ்சள் வெளிச்சத்தை ஒரு நிமிடம் பார்த்தால் அது வெள்ளையாகிவிடும், மூளை சரிசெய்துகொள்ளும். லூமன் என்பது லைட் தருகிற மொத்த வெளிச்சத்தின் அளவு, 1000 லூமனுக்கும் 1200 லூமனுக்கும் வித்தியாசத்தைத் தனித்தனியாகப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வெள்ளைச் சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடியுங்கள், சட்டென்று ஒன்று பச்சையடித்துத் தெரியும், ஒன்றின் நடுப்புள்ளி கூராகவும் இன்னொன்று பரந்தும் தெரியும். டார்ச் பிடித்தவர்கள் எல்லாரும் வீட்டில் தினமும் செய்கிற காரியம்தான் இது, இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. அதையே ஓட்டாக எழுதச் சொன்னால் போதும். ஆறு லைட் என்றால் 15 ஜோடி. பன்னிரண்டு லைட் என்றால் 66, விடிந்துவிடும். அதனால் கடைசிச் சுற்றுக்கு ஆறுக்கு மேல் கிடையாது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சுவரில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நிற வித்தியாசம் பூதாகரமாகத் தெரியும். தனியாகப் பயன்படுத்தும்போது உறுத்தவே செய்யாத லேசான பச்சை, ஜோடியில் வைத்தால் பாசி பிடித்த குளம் மாதிரி ஆகிவிடும். அதற்காகத்தான் சுவருக்கு அப்புறம் தோட்டச் சுற்று வைக்கிறோம். காய்ந்த தென்னை ஓலையும் சருகும் கிடக்கிற இடத்தில், மங்கலான அளவில் வைத்து, நடந்து பார்க்க வேண்டும். சித்தப்பா மாதிரி மும்முனை கரண்ட் வருகிற நேரம் பார்த்து ராத்திரியில் மோட்டார் போடப் போகிறவர்களுக்கு இதுதான் பரீட்சை. சருகுக்கு நடுவே கண்ணாடி விரியன் கிடந்தால், நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டுகிற நிச்சியா 519ஏ மாதிரி எல்இடியில் பழுப்புக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியும். லூமன் எண்ணை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

லூமன் என்றதும், பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களைப் பற்றி. எஃப்எல்1 என்று ஒரு அமெரிக்கத் தரநிலை இருக்கிறது, 2009-இல் வந்தது, நல்ல கம்பெனிகள் அதன்படிதான் எண் போடுகிறார்கள். அதன்படி வெளிச்சத்தை அளப்பது லைட்டைப் போட்டு 30 விநாடி முதல் 2 நிமிடத்துக்குள். எத்தனை மணி நேரம் எரியும் என்பது, அந்த ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரைக்கும். இப்போது டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 3000 லூமனில் ஆரம்பித்து, சூடு தாங்காமல் மூன்றாவது நிமிடத்தில் 700-க்கு இறங்கி, அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம் அந்த 700-லேயே ஓடினால், பெட்டியில் ‘3000 லூமன், இரண்டரை மணி நேரம்’ என்று போடலாம். பொய் ஒன்றும் இல்லை. தூரமும் அப்படித்தான்: 400 மீட்டர் போகும் என்றால், 400 மீட்டரில் 0.25 லக்ஸ் விழும் என்று அர்த்தம், அது கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம். அங்கே நிற்பது மாடா மனுசனா என்று சொல்லவே கஷ்டப்படுவீர்கள். அதனால் ஓட்டுப் போடும் வரை பெட்டிகள் கீழே ஹாலிலேயே இருக்கும்.

தேதியும் இந்த நிலா வெளிச்சத்தை வைத்துத்தான் குறித்தோம், அமாவாசை ராத்திரி. எங்கள் வீட்டில் நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

யாருக்கு ஓட்டுரிமை என்பதில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் இன்னும் இழுபறி. என் கருத்து இதுதான்: ஆறையும் கையில் வாங்கி, போட்டு, அணைத்து, நடந்து பார்க்காதவருக்கு ஓட்டு இல்லை. ஒரே ஒரு லைட் வாங்கியவர் அதற்குத்தான் போடுவார், காசு கொடுத்தது அவர் அல்லவா. அப்படிப் பத்துப் பேர் போட்டால் தெரிவது எது அதிகம் விற்றது என்பதுதான், விலை குறைந்த லைட்தான் எப்போதும் முன்னால் நிற்கும். விலை குறைந்தது மோசம் என்று சொல்லவில்லை, கான்வாய் எஸ்2+ மாதிரி எளிமையான லைட்டை வைத்துக்கொண்டு பத்து மடங்கு விலை லைட்டைப் பார்த்துச் சிரித்தவன்தான் நானும். ஆனால் அது கையில் பிடித்து ஜெயிக்கட்டும்.

லோகோவை மறைக்க இன்சுலேஷன் டேப் சுற்றிப் பார்த்தோம், பாதிதான் பலித்தது. ஒருத்தர் இருட்டில் கையில் வாங்கிய உடனே பட்டனை மூன்று தடவை தட்டினார். லைட் நாலு முறை சிமிட்டி, கொஞ்சம் நிறுத்தி, ஒரு முறை சிமிட்டியது. செல்லில் 4.1 வோல்ட் இருக்கிறது என்று அர்த்தம். ‘ஆண்டுரில்! அப்போ இது எமிசாராத்தான் இருக்கும்’ என்றார். ஆண்டுரில் என்பது டார்ச்சுக்குள் ஓடுகிற மென்பொருள், எங்களைப் போல இதே பைத்தியம் பிடித்த ஒருவர் எழுதி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதை வைக்கிற கம்பெனிகள் எமிசாரைத் தவிர வேறும் இருக்கின்றன, ஆனால் ஆள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதனால் டேப் சுவர்ச் சுற்றுக்கு மட்டும். அங்கே இரண்டு லைட்டையும் ஒரே ஆள் பிடிப்பார், மற்றவர்கள் ‘இடது’, ‘வலது’ என்று எழுத வேண்டியதுதான்.

‘இந்த வருடம்’ என்பதற்கு என்ன கணக்கு என்று யாராவது கேட்பார்கள். வெளிவந்த தேதி எங்களுக்கு உதவாது, லித்தியம் செல் உள்ள பார்சல் கடல் தாண்டி, கஸ்டம்ஸ் தாண்டி வருவதற்குள் அங்கே அடுத்த மாடல் வந்துவிடும். எங்களில் ஒருத்தர் கைக்கு வந்து மூன்று மாதம் புழங்கியிருக்க வேண்டும், அதுதான் விதி. மூன்று மாதத்தில்தான் கிளிப் தளரும், சார்ஜ் போடுகிற இடத்து ரப்பர் மூடி பிய்யும், பாக்கெட்டுக்குள் தானாக எரிந்து பேண்ட்டில் ஓட்டை போடுமா என்பதும் தெரியும். எனக்கு ஒரு தடவை போட்டிருக்கிறது, தொடைக்குப் பக்கத்தில்.

சமமாக வந்தால் குடவோலை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிற மாதிரியே பெயர்களை எழுதிக் குடத்தில் போட்டு வீட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். நேருக்கு நேர் முறையில் சில சமயம் கல், காகிதம், கத்தரிக்கோல் மாதிரி ஒன்றை ஒன்று வென்று வட்டமாகச் சுற்றும், அதற்கும் இதுதான் வைத்தியம். பதவியில் இருந்தவர் மூன்று வருடம் மறுபடி நிற்கக்கூடாது, கணக்குக் காட்டாதவர் நிற்கவே கூடாது என்றும் அதே கல்வெட்டில் இருக்கிறது. முதலாவதை ஒரு வருடமாகக் குறைத்து எடுத்துக்கொண்டோம். இரண்டாவதை, போன வருட பஜ்ஜிக் கணக்கை இன்னும் தராத நண்பர் கடுமையாக எதிர்க்கிறார்.

வருகிறவர்கள் செல்லை 4.2 வோல்ட் வரைக்கும் சார்ஜ் போட்டுக் கொண்டுவரவும், பாதி செல்லோடு வந்து லைட்டைக் குறை சொல்லக்கூடாது. தோட்டச் சுற்றைக் காட்டோரத்தில் வைக்கலாம் என்று ஒருத்தர் யோசனை சொன்னார், வேண்டாம், இத்தனை லைட்டை அங்கே அடித்தால் வனத்துறைக்காரர் வேட்டைக்கு வந்தவர்கள் என்றுதான் நினைப்பார், அவர் மேல் தப்பும் இல்லை. சித்தப்பா தோட்டத்திலேயே வைத்துக்கொள்கிறோம். அவரிடம் போனில் சொன்னபோது, போன வருடம் நிஜமாக ஜெயித்தது உங்க லைட்தான் என்பதையும் சொன்னேன். ‘அதைத்தான்டா நான் அன்னிக்கே எழுதிக் குடுத்தேன்’ என்றார்.