மூணு மணி நேரமும் ஒரு டிவிடியும்

2014 செப்டம்பர் 3, நாகர்கோவில்

தோவாளைக் கல்யாண வீடியோவை வெட்டி அடுக்கி முடித்தேன். 3 மணி 5 நிமிடம். பெண்ணின் அப்பா பூக்கட்டுகிறவர். "எல்லாம் ஒரே டிவிடியில இருக்கணும் தம்பி, அம்மாவுக்கு சிடி மாத்தத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிதான் இடம். இரண்டு மணி நேரப் படமென்றால் நொடிக்கு 5 மெகாபிட் கிடைக்கும். இந்தக் கணக்குதான் பிட்ரேட், இது குறைந்தால் படம் மங்கும். இதற்கு மூன்றரைகூட வராது, அதுவும் சத்தத்தையும் சேர்த்து.

செப்டம்பர் 5

ராத்திரி ரெண்டர் போட்டு டிவிடி அளவுக்குச் சுருக்கியதைக் காலையில் பெரிய டிவியில் பார்த்தேன். மனசே சரியில்லை.

மணமக்கள் கழுத்தில் கிடப்பது பெண்ணின் அப்பாவே கட்டிய மாணிக்கமாலை. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, இடையில் பச்சை இலை, பாய் பின்னியதுபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். கேமரா அதை அழகாகப் பிடித்திருந்தது. தாலி ஏறுகிற நேரம் குரவை கேட்கிறது, அட்சதை விழுகிறது, மாலை மட்டும் கலங்கிப்போய் ரோஸ் நிறப் பட்டையாகத் தெரிகிறது. முந்தின ஃப்ரேமில் இருந்து மாறாததை அப்படியே எடுத்துக்கொண்டு மாறியதை மட்டும் எழுதித்தான் வீடியோவைச் சுருக்குகிறார்கள். அட்சதை விழும்போது படம் முழுக்க மாறுகிறது, இருக்கிற பிட்ரேட் போதவில்லை.

ஆடியோவைச் சுருக்காமல் பிசிஎம்மிலேயே விட்டிருந்ததும் என் தப்பு. அதுவே ஒன்றரை மெகாபிட்டைத் தின்றிருக்கிறது. சுருக்கி டால்பி 192 கிலோபிட்டுக்கு மாற்றினேன். கொஞ்சம் தெளிந்தது, ஆனால் போதாது.

செப்டம்பர் 6

மேடையில் வாழ்த்துகிற வரிசை மட்டும் 1 மணி 10 நிமிடம். அதை 25 நிமிடமாக வெட்டிவிட்டு, பெண்ணின் அப்பாவை வரச் சொன்னேன். அம்மாவையும் கூட்டி வந்தார். பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆரல்வாய்மொழிக்காரி வந்தாளே, அவள எங்க?" என்றார். நான் விளக்கப் போனேன். "யாரெல்லாம் வந்திருந்தாவன்னு பாக்கத்தானே மக்ளே வீடியோ எடுக்கது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வெட்டியதையெல்லாம் திரும்பப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 8

இரண்டு நாளாக அந்த வரிசையோடுதான் இருக்கிறேன். ஆட்களை வெட்டக்கூடாது, காத்திருப்பதைத்தான் வெட்டவேண்டும். படியேறுவது, சேலையைச் சரிசெய்வது, போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்வது, இதெல்லாம் போகட்டும். கவர் கொடுத்துச் சிரிக்கிற நாலைந்து நொடி இருந்தால் போதும். 38 நிமிடத்தில் அத்தனை முகமும் இருக்கிறது. பந்தியிலும் மாப்பிள்ளை அழைப்பிலும் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்தேன். மொத்தம் 2 மணி 20 நிமிடம், நொடிக்கு நாலு மெகாபிட்டுக்கு மேல் வந்துவிட்டது. டூ பாஸ் போட்டிருக்கிறேன். முதல் தடவை படம் முழுவதையும் அளந்துகொண்டு, இரண்டாவது தடவை ஸ்டாண்டில் அசையாமல் எடுத்த காட்சிக்கு பிட்ரேட்டைக் குறைத்து, அட்சதைக்குக் கூட்டிக் கொடுக்கும்.

செப்டம்பர் 9

தோவாளையில் அவர்கள் வீட்டிலேயே போட்டுக் காட்டினேன். பாட்டி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். ஆரல்வாய்மொழிக்காரி வந்ததும், "இன்னா நிக்கா பாரு!"

தாலிகட்டில் பெண்ணின் அப்பா ரிமோட்டை வாங்கி நிறுத்தினார். டிவி பக்கத்தில் போய், மாலையின் மேல் விரலை வைத்து, "இந்த வரி வரைக்கும் நான் கட்டினேன். இதுக்குக் கீழ அவ அம்மா" என்றார்.