பெர்ஷரான் ஜோடியும் மேப்பிள் சாறும்: இந்தப் பருவத்து நிலவரம்

இந்த வருடம் சாறு சேகரிக்க டிராக்டர் வேண்டாம், குதிரைதான் என்று முடிவு செய்தபோது பழமை மேல் ஆசை என்று வீட்டிலேயே கேலி செய்தார்கள். ஆசையெல்லாம் இல்லை, சேறுதான் காரணம். கனடாவில், கிழக்கு ஒன்டாரியோவின் லானார்க் மாவட்டத்தில் எங்கள் நிலம், பின்பக்கம் மேடாக ஏறும் சுகர் மேப்பிள் தோப்பு, அதன் சாற்றைக் காய்ச்சினால் சிரப் என்ற இனிப்புப் பாகு. மார்ச்சில் பகல் வெயிலுக்கு மேல்மண் இளகிவிடும், டிராக்டர் ஒரு தடவை போய் வந்தால் அந்தத் தடம் கோடை வரை குழியாகவே கிடக்கும். மேப்பிளுக்கு வேர் மேலாகத்தான் ஓடுகிறது, அதை நசுக்கிவிட்டு அதே மரத்திடம் போய் வாளியை மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்துப் பண்ணைப் பெரியவருக்கு முழங்கால் போய்விட்டது, தன் பெர்ஷரான் குதிரை ஜோடியைப் பூட்ட ஆள் இல்லை என்று போன இலையுதிர் காலத்தில் சொன்னார். தீனியை நான் பார்த்துக்கொள்கிறேன், வேலையை நீங்கள் சொல்லிக்கொடுங்கள் என்று பேசி முடித்தோம்.

பெர்ஷரான் என்பது பிரான்சில் பெர்ஷ் என்ற பகுதியிலிருந்து வந்த இனம், பெரும்பாலும் சாம்பல் அல்லது கறுப்பு. இந்த இரண்டும் சாம்பல் பெட்டைகள், ஒவ்வொன்றும் 800 கிலோவுக்கு மேல். அவ்வளவு பெரிய உடம்பைப் பார்த்ததும் இழுவையைப் பற்றித்தான் கவலை வரும். இழுப்பதை அவற்றுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நிற்கக் கற்றுத்தருவதுதான் பாடு. குளிர்காலம் முழுக்க விறகு ஏற்றிவரும் சாக்கில் அதைத்தான் பழக்கினோம்: நாலு அடி நட, நில், நான் கட்டை ஏற்றும்வரை அசையாதே, மறுபடி நாலு அடி. ஜீ என்றால் வலம், ஹா என்றால் இடம், வோ என்றால் நிற்க வேண்டும். பெரியவர் வண்டியில் உட்கார்ந்துகொண்டு என்னைத்தான் அதிகம் திட்டினார், குதிரையை அல்ல. "கத்தாதே, அது உன் பக்கத்தில்தானே நிற்கிறது" என்பார்.

பூட்டும் வரிசையைக் கொஞ்சம் விவரமாகவே எழுதி வைக்கிறேன், எனக்கே அடுத்த வருடம் உதவும். முதலில் கழுத்து வளையம். இழுக்கும் பாரம் முழுவதும் தோளில் இந்த வளையத்தின் மேல்தான் விழுகிறது, அதனால் அளவு சரியாக இல்லையென்றால் மற்றது எதுவும் சரியாக இருந்து பயனில்லை. வளையத்தின் அடியில், மூச்சுக்குழலுக்கும் தோலுக்கும் நடுவில், விரித்த கை தட்டையாக நுழைய வேண்டும். அதைவிட இறுகினால் மேடு ஏறும்போது மூச்சு அடைக்கும், தளர்ந்தால் உரசி உரசிப் புண் வரும். வேலை செய்யச் செய்ய குதிரை இளைக்கும், அப்போது உள்ளே மெத்தைப் பட்டை வைத்து மறுபடி அளவு பார்க்க வேண்டும். அப்புறம் சேணம், வயிற்றுப் பட்டை, கடைசியில் கடிவாளம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி என்றால் கடிவாள இரும்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், அதனால் பூட்டி முடிக்கும்வரை அது என் கோட்டுக்குள்ளே இருக்கும். சறுக்கு வண்டியில் பூட்டும்போது முன்பக்க ஏர்க்காலைக் கழுத்துத் தடியோடு முதலில் மாட்டிவிட்டுத்தான் பின்னால் இழுவைச் சங்கிலிகள். அவிழ்க்கும்போது நேர் எதிர்: சங்கிலி முதலில், ஏர்க்கால் கடைசியில். சங்கிலி மாட்டியிருக்கும்போது ஏர்க்கால் கீழே விழுந்து குதிரை ஒரு அடி எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று பெரியவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எழுத விருப்பமில்லை.

பிப்ரவரி கடைசியில் துளை போட்டோம். பன்னிரண்டு அங்குல விட்டம் இல்லாத மரத்தைத் தொடவில்லை. 5/16 அங்குல துளைக்கருவி, ஒன்றரை அங்குல ஆழம், சாறு வழிந்து வெளியே வர லேசான மேல்சாய்வு. வெளிவரும் மரத்தூள் வெள்ளையாக இருந்தால் நல்லது, பழுப்பாக வந்தால் அது பழைய துளையைச் சுற்றி மரம் மூடிவிட்ட செத்த பாகம், அங்கே சாறு ஓடாது. அதனால் போன வருடத் தழும்பிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் புதிய இடம். குழாயைச் சுத்தியால் மெதுவாகத் தட்டினால் போதும், ஓங்கி அடித்தால் மரம் விண்டு சாறு பக்கவாட்டில் கசியும்.

அதன்பிறகு வானிலைதான் முதலாளி. இரவு உறைய வேண்டும், பகல் பூஜ்யத்துக்கு மேல் நாலைந்து டிகிரி போக வேண்டும், இரண்டில் ஒன்று தவறினாலும் வாளி காலி. மேப்பிள் கட்டையின் நார்களுக்குள் தண்ணீர் இல்லை, வாயு இருக்கிறது. உறையும்போது அது சுருங்கி, மரம் வேரிலிருந்து நீரை மேலே உறிஞ்சிக்கொள்கிறது, இளகும்போது அடைபட்ட வாயு விரிந்து துளை வழியாகச் சாற்றைத் தள்ளுகிறது. மார்ச் நடுவில் தொடர்ந்து இரவும் உறையாமல் போனது, ஒரு சொட்டு இல்லை. குதிரைகளுக்கு ஓய்வு, எனக்கு எரிச்சல்.

ஓட ஆரம்பித்த பிறகுதான் குதிரையின் அருமை தெரிந்தது. டிராக்டர் என்றால் ஒருவர் ஏறி இறங்கி, கியர் போட்டு, பத்தடி தள்ளி நிறுத்தி, மறுபடி இறங்கி என்று பாதி நேரம் அதிலேயே போகும். இந்த ஜோடியோ தொட்டி வைத்த வண்டியை இழுத்துக்கொண்டு பாதையில் தானாக நடக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டே வருகிறோம், தூரத்திலிருந்து ஒரு குரல் கொடுத்தால் அடுத்த மரக்கூட்டம் வரை போய் நிற்கும். இரண்டாவது வாரத்தில் குரலே தேவைப்படவில்லை, எங்கே நிற்க வேண்டும் என்று அவற்றுக்கே தெரிந்துவிட்டது. தொல்லை என்று பார்த்தால் குளம்புதான். ஈரப்பனி குளம்புக்குள் உருண்டை கட்டி, குதிகால் செருப்பு போட்டது மாதிரி தடுமாறும், அவ்வப்போது நின்று கொத்தி எடுக்க வேண்டும். காலைப் பனிக்கட்டிக்கு முள் வைத்த லாடம் இல்லாமல் மேட்டில் ஏற்றவே கூடாது.

காய்ச்சுவது தனிக் கதை. சாற்றில் இனிப்பு இரண்டு சதவீதம்தான், பதநீரில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஒரு லிட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லிட்டர் சாறு. பனையில் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது போல இங்கே புளிக்காமல் காப்பது குளிர்தான், வெயில் ஏறிய நாளில் அன்றைய சாற்றை அன்றே அடுப்பில் ஏற்றியாக வேண்டும். காய்ச்சும் தட்டில் எப்போதும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் சாறு நிற்க வேண்டும், இல்லையென்றால் அடிப்பிடித்துத் தட்டும் போய்விடும். நுரை பொங்கினால் துளி வெண்ணெய். தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் நாலு டிகிரி வந்தால் பதம், ஆனால் காற்றழுத்தம் மாறினால் தண்ணீரின் கொதிநிலையே மாறும், அதனால் தினமும் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். கடைசியில் அடர்த்திமானி, கனடாவில் குறைந்தது 66 பிரிக்ஸ் இருக்க வேண்டும், அதாவது நூறு கிராமில் சுமார் 66 கிராம் சர்க்கரை. சூட்டோடு கம்பளித் துணியில் வடித்தால் சாம்பல் நிற மணல் தங்கும், சாற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து மாலிக் அமிலத்தோடு சேர்ந்து படிவது அது. இந்த மண்ணின் அல்கான்குவின் மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே சாற்றைக் காய்ச்சியவர்கள், கட்டிச் சர்க்கரையாக்கினால் அடைத்து வைக்கப் பாட்டில் வேண்டாம் என்பதால் சர்க்கரைக்குத்தான் அன்று மதிப்பு அதிகம். நானும் ஒரு சின்னச் சட்டியில் முயன்றேன், நன்றாகவே கட்டியது.

முதல் ஓட்டத்துச் சிரப் தங்க நிறம், இப்போது வருவது கறுப்பு. வெயில் கூடக் கூட நுண்ணுயிர்கள் சாற்றின் சர்க்கரையை உடைத்துவிடுகின்றன, உடைந்த சர்க்கரை அடுப்பில் சீக்கிரம் கறுக்கிறது. கடையில் வெளிர் நிறத்துக்குத்தான் மரியாதை, எனக்கு இந்தக் கறுப்புதான் பிடிக்கிறது, தோசைக்குத் தொட்டால் கருப்பட்டி வாசம் கிட்டத்தட்ட வருகிறது.

கணக்கு என்று பார்த்தால், ஆயிரக்கணக்கில் குழாய் போடுகிறவருக்குக் குதிரையைச் சொல்லமாட்டேன். பிளாஸ்டிக் குழாயும் வெற்றிடப் பம்பும் வைத்தால் ஒரு மரத்தில் வரும் சாறே வாளியைவிட மிக அதிகம், உலகத்துச் சிரப்பில் முக்கால் பங்குக்கு அருகில் தரும் பக்கத்து மாகாணம் கியூபெக்கின் பெரிய தோப்புகள் அப்படித்தான் ஓடுகின்றன. இருநூறு வாளி அளவுக்குக் குதிரை பொருந்தும், அதுவும் வருடம் முழுக்க வேலை கொடுத்தால் மட்டும். ஒரு குதிரை தினமும் 16 கிலோ வைக்கோலுக்குக் குறையாமல் தின்னும், சில வார மேப்பிளுக்காக மட்டும் கட்டித் தீனி போட்டால் ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் வைக்கோல் விலைதான் இருக்கும். எங்களுக்கு விறகும் எருவும் இழுக்கிறது, கோடையில் புல் வெட்ட மாட்டலாமா என்று பெரியவரிடம் கேட்டிருக்கிறேன், பழைய வெட்டுக்கருவி கொட்டகையில் இருக்கிறதாம், பல் தேய்ந்திருக்கும் என்கிறார்.

தெற்குச் சரிவு மரங்களில் மொட்டு வீங்க ஆரம்பித்துவிட்டது, நேற்றைய சாறு கொதிக்கும்போதே வாசம் சரியில்லை. அந்தப் பக்கத்துக் குழாய்களை இந்த வாரம் பிடுங்குகிறேன். வடக்குச் சரிவில் இரவுக்குளிர் இருக்கும்வரை பார்ப்போம்.