மேசைக்குச் சக்கரம் வைத்தால் போதாது

வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து, சில நாள் நேரில் வந்து என்று வேலை மாறிவிட்ட அலுவலகத்தைத் திருத்தி அமைக்கும்போது, தரைப்படத்துக்கும் முன்னால் கேட்டு வாங்க வேண்டியது வாசல் கதவின் கார்டுப் பதிவு. குறைந்தது எட்டு வாரத்துக்கு, கிழமைவாரியாக. 100 பேர் வேலை செய்யும் இடத்தில் சராசரி வருகை 45 என்று வைத்துக்கொள்வோம். 50 மேசை போதும் என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் செவ்வாயும் புதனும் 68, வெள்ளி 20 என்று இருக்கும். சராசரியை நம்பினால் செவ்வாய்க்கிழமை 18 பேருக்கு மேசை இருக்காது. அந்த உச்ச நாளை வைத்துத்தான் கணக்கு. அன்றும் சிலர் மீட்டிங்கில் இருப்பார்கள் என்பதால் 60 மேசை சரியாக வரும்.

லாக்கர் மட்டும் ஆளுக்கு ஒன்று, அதாவது 100. இதில் சிக்கனம் பிடித்தால் பையும் டம்ளரும் மேசையிலேயே தங்கிவிடும். பொது மேசை ஒரே மாதத்தில் 'என் மேசை' ஆகிவிடும்.

அடுத்தது மின்சாரம். மேசைக்குச் சக்கரம் வைத்ததுமே இடம் நெகிழ்ந்துவிட்டதாக நினைப்பவர்கள் அதிகம். தரையில் பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்தைத் தாண்டி எந்த மேசையும் நகராது. நகர்த்தினால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரும், அதிலிருந்து இன்னொன்று வரும். கால் தடுக்குவதோடு தீ ஆபத்தும் சேரும். பிளக் பாயிண்ட் கொண்ட தரைப் பெட்டிகளைச் சுமார் 3 மீட்டருக்கு ஒன்று என்று கட்டமாகப் போட்டுவிட்டு, அதன் பிறகு மேசை வரிசையை வரையுங்கள். முதுகுக்கு முதுகு உட்காரும் இரு வரிசை மேசை விளிம்புகளுக்கு நடுவே, பின்னால் ஆள் நடக்கவும் வேண்டுமென்றால், 2 மீட்டராவது விட வேண்டும். மானிட்டருக்குப் படமும் சார்ஜும் ஒன்றாகப் போகும் யூஎஸ்பி-சி ஒற்றை வயர் வைப்பதாக இருந்தால், அலுவலகத்தில் புழங்கும் எல்லா மாடல் லேப்டாப்பையும் அதில் மாட்டிப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்க வேண்டும்.

பணம் அதிகம் வீணாவது மடிப்புச் சுவரில். பெரிய அறையை இரண்டாகப் பிரிக்கும் அந்தச் சுவருக்கு நல்ல ஒலித்தடுப்பு எண் காட்டித்தான் விற்பார்கள். அது ஆய்வகத்தில் அளந்த எண். மாட்டி முடித்து மூடிப் பார்த்தால் பக்கத்து அறைப் பேச்சு சொல் சொல்லாகக் கேட்கும். ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைத் தூக்கினால் காரணம் கண்ணில் படும்: சுவர் தான் தொங்கி நகரும் மேல் தண்டவாளத்தோடு நின்றுவிட்டது, அதற்கு மேலே கான்கிரீட் தளம் வரை வெற்றிடம், நடுவில் இரண்டு அறைக்கும் பொதுவாக ஒரே ஏசி டக்ட். மேலே தடுப்பு கட்டி, டக்ட் நுழையும் ஓட்டையை அடைத்து, டக்டுக்குள்ளும் ஒலியடக்கி வைத்தால்தான் சத்தம் நிற்கும். இதை முதலிலேயே செய்வது எளிது. சுவரின் எடை முழுவதும் மேலே தொங்குவதால் உத்திரம் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும். மூடிய நிலையில் இரு பக்கமும் தனித்தனியே ஸ்பிரிங்ளர் (தீயணைக்கும் நீர்த்தூவி), புகை உணரி, வெளியேறும் வழி இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தனியாக உட்கார்ந்து போன் பேசும் பூத் 10–15 பேருக்கு ஒன்று என்று ஆரம்பிக்கலாம். வாங்கும்போது, பூத் பேச்சுச் சத்தத்தை எவ்வளவு குறைக்கிறது என்று சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 23351-1 முறையில் அளந்த டெசிபல் எண்ணைக் கேளுங்கள். 30-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. கதவை மூடி, 20 நிமிடம் உள்ளே உட்கார்ந்தும் பாருங்கள். மின்விசிறி பலவீனமாக இருந்தால் அதற்குள் புழுக்கம் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பூத்தில் பிறகு அட்டைப் பெட்டிகள்தான் குடியிருக்கும்.

வீடியோ மீட்டிங் அறைக்கு 12 பேர் அமரும் நீள மேசை வேண்டாம். நாலைந்து பேருக்கான சிறு அறைகள் கூடுதலாகத் தேவைப்படும். திரைப் பக்கம் அகலமாக விரியும் மேசை போட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் மறைக்க மாட்டார். கேமரா உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில் வர வேண்டும். கண்ணாடிச் சுவர்கள் எதிரெதிரே அமைந்தால் எதிரொலி வரும், வீட்டில் இருப்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். ஒரு பக்கமாவது ஒலி உறிஞ்சும் பலகை அவசியம். அறைக் கருவிக்கு வைஃபையை நம்பாமல் வயர் இழுத்துவிடுங்கள். பதிவு செய்துவிட்டு வராதவர்களின் அறையை 15 நிமிடத்தில் தானாக விடுவிக்கும் ஏற்பாடு இருந்தால் அறைப் பஞ்சம் குறையும்.

வரைபடத்தில் கடைசியாக, இடம் மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்று தள்ளப்படுவது ஸ்டோர் அறை. மடித்த மேசை, அடுக்கிய நாற்காலி, சக்கரம் வைத்த எழுது பலகை எல்லாம் அதற்குள் போக வேண்டும், கதவும் அந்த அகலத்துக்கு இருக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் இரண்டு பேரை விட்டுப் பெரிய அறையை முழுசாக மாற்றி அமைக்கச் சொல்லி, நேரம் பாருங்கள். 15 நிமிடத்தைத் தாண்டினால் ஸ்டோரை அறைக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.